குட்டிக்கானம் இறக்கத்தில் வேனின் பிரேக் பெடல் தரையைத் தொட்டது ஏன்?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. கம்பத்தில் உங்கள் சித்தப்பா 17 இருக்கை வேன் ஓட்டுகிறார். மண்டல காலத்தில் சபரிமலைக்குச் சாமிகளை ஏற்றிக்கொண்டு, கேரள மலைமேலிருக்கும் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்கும்போது, பெருவந்தானத்துக்கு முன்னால் பிரேக் பெடல் தரை வரை இறங்கிவிட்டது. கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் வைத்து எப்படியோ நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி நின்றது. ஊர் திரும்பியபின் இரண்டு பட்டறைகளில் குறை எதுவும் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில், பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னார்கள். நடந்தது என்ன, ஏ.பி.எஸ்., எக்ஸாஸ்ட் பிரேக், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் ஆகியவற்றில் எதைப் பொருத்தினால் இனி இப்படி நடக்காது என்பவை உங்கள் கேள்விகள்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அன்று பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. இந்த மலைச்சாலை வண்டிகளோடு நெடுநாள் புழங்கியவன் என்ற முறையில் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். பெடல் தரைக்குப் போனதும், ஆறியபின் தானாகத் திரும்பியதும், பட்டறையில் எதுவும் தென்படாததும் சேர்ந்து வந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் பக்கெட் தேய்ந்திருந்தால் சமதரையிலும் மிதித்துப் பிடிக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கும். ஒரு மணி நேர ஓய்வில் அது சரியாகாது.

பிரேக் ஆயில் ஒரு திரவம். திரவத்தை அழுத்தினால் அது சுருங்குவதில்லை, பெடலில் கொடுத்த அழுத்தத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டுபோகும். அந்த ஆயிலில் ஓரிடத்தில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகிவிட்டால் கதையே மாறிவிடுகிறது. ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகி, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். அதனால்தான் பட்டறையில் வண்டியை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆயில் ஏன் கொதித்தது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குட்டிக்கானம் ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் இருக்கிறது, முண்டக்கயம் மலையடிவாரத்தில் இருக்கிறது. இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் வண்டி சுமார் 1,000 மீட்டர் இறங்குகிறது. ஆட்கள், இருமுடி, மேலே கட்டிய மூட்டை, சமையல் பாத்திரம் எல்லாம் சேர்த்து வேன் 4 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 39 மெகாஜூல். சாதாரண வெப்பத்தில் இருக்கும் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றின் தடையும் டயரின் உருளும் தடையும் இதில் கால் பங்கு அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். வண்டி நியூட்ரலிலோ உயர்ந்த கியரிலோ இறங்கினால் அதற்குப் போக்கிடம் பிரேக் மட்டுமே. நான்கு சக்கரத்திலும் சேர்ந்து 60 கிலோ வார்ப்பிரும்பு இருக்கிறது என்றால், காற்று அதைக் குளிர்விக்காமல் போனால், அந்த இரும்பின் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். காற்று குளிர்விப்பதால் அவ்வளவுக்குப் போவதில்லை. ஆனாலும் வளஞ்சங்கானம் அருவிக்கும் முப்பத்தைந்தாம் மைலுக்கும் நடுவில் சாலையோரம், பிரேக்கில் உரசிப் பிடிக்கும் பாகமான லைனர் கருகும் வாசனை வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இப்போது ஆயிலின் பக்கம். டாட் 3 என்று குறிக்கப்பட்ட பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. டாட் 4 என்றால் 230 டிகிரி. ஆனால் இந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் வண்டியிலுள்ள ஆயில் டப்பாவின் மூடி வழியாகவும் காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நூற்றில் 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்த நிலையில் டாட் 3-க்கு விதி கேட்பது 140 டிகிரி மட்டுமே, டாட் 4-க்கு 155. இடுக்கியின் மழையும் பனியும் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கம்பத்தில் இருக்கும் வண்டியும் வாரம் இரண்டு முறை குமுளி ஏறுகிறதென்றால் அந்த ஈரத்தில் பாதிநாள் வாழ்கிறது. ஆயில் குறைந்தால் மேலே ஊற்றுவோம், முழுதாக மாற்றுவது கிடையாது என்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அப்படியானால் அந்த வேனில் ஓடியது பழைய, ஈரம் குடித்த ஆயில்.

இதோடு நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. சென்ற ஆண்டு பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தோம், வண்டி இப்போது தாழ்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பின் ஆக்சிலுக்கு மேலே, வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். எல்.எஸ்.பி.வி., அதாவது பாரத்தை அறிந்து பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த எந்திர வேலைப்பாடுகளில் அதுவும் ஒன்று. மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. பாரம் ஏறினால் வண்டியின் உடல் தாழும், கம்பி நகரும், வால்வு பின்சக்கரத்துக்கு அதிக அழுத்தம் விடும். பாரம் இல்லாதபோது அழுத்தத்தைக் குறைத்து, பின்சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும். நீங்கள் பட்டை சேர்த்ததால் பாரம் ஏறினாலும் உடல் தாழவில்லை. வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொண்டு, பின்சக்கரத்துக்குக் குறைவாகவே கொடுத்திருக்கிறது. இறக்கத்தில் ஏற்கெனவே எடை முன்னால் சாயும். இப்போது பிரேக் வேலையும் பெரும்பகுதி முன்சக்கர டிஸ்க்கின் தலையில் விழுந்துவிட்டது. ஆயில் கொதித்த இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். டிஸ்க்கில், சுற்றும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பேடுக்கு நேர் பின்னால் பிஸ்டன், அதற்குப் பின்னால் ஆயில். பேடு சுட்டால் ஆயிலுக்குச் சூடு ஏற அதிக தூரம் இல்லை.

சித்தப்பா நிறுத்த முடிந்ததற்கும் ஒரு பழைய கண்டுபிடிப்பு காரணமாக இருந்திருக்கலாம். 1921-இல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஆயில் பிரேக்கோடு வந்தபோது, குழாய் ஓரிடத்தில் உடைந்தால் மொத்தமும் போய்விடும் என்ற அச்சம் இருந்தது. பிற்காலத்தில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, இரண்டு தனித்தனி வழிகளாகப் பிரித்தார்கள். முன்வழியில் ஆவி நிரம்பி பெடல் ஆழத்துக்குப் போனாலும், கடைசி அங்குலத்தில் பின்வழி கொஞ்சம் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான வேன்களில் வெறும் கம்பிக் கேபிள், ஆயிலோடு அதற்குத் தொடர்பு இல்லை. இந்த இரண்டும் கியரும் சேர்ந்து அன்று 17 உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. அவர் கியரைக் குறைக்கும் துணிவோடு இருந்ததும் முக்கியம். பதற்றத்தில் பலர் கிளட்சை மிதித்து வண்டியை இன்னும் விடுதலை செய்துவிடுவார்கள்.

பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரும் ஒரே வாக்கியம் சொல்கிறார்கள். ஆனால் காலுக்குத் தெரியும் வேறுபாடுகள் இருக்கின்றன, ஓட்டுபவர் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். பெடல் பஞ்சுபோல் இறங்கினால் ஆயிலில் ஆவியோ காற்றோ இருக்கிறது. பெடல் வழக்கமான இடத்தில் நின்றும் வண்டி நிற்காமல் ஓடினால் லைனரோ பேடோ சூட்டில் பிடிமானம் இழந்துவிட்டது. டிரம், அதாவது உள்ளிருந்து ஷூ விரிந்து அழுத்தும் உருளை வகைப் பிரேக்கில் இன்னொன்றும் சேரும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போவதால் பெடலும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். பெடல் கல்லாக இறுகி, காலால் முழு பலம் கொடுத்தும் நகராவிட்டால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்கு வேக்குவம் (வெற்றிட இழுவை) வரவில்லை.

இந்தக் கடைசி வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே இழுக்கப்படும் வழியில் இயல்பாகவே வேக்குவம் உண்டாகும். டீசலில் அது போதாது. அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைக்கிறார்கள், பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். எஞ்சினை அணைத்தால் பம்ப் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். டீசலை மிச்சப்படுத்துகிறேன் என்று இறக்கத்தில் சாவியைத் திருப்பி, நியூட்ரலில் உருட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மின்னணு முறையில் டீசல் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். ஆக மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தயவுசெய்து உங்கள் ஊர் டிரைவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட சாதனங்கள்.

ஏ.பி.எஸ். நல்ல சாதனம். 1978-இல் போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் எஸ் வகை காரில் வந்தது. சக்கரம் இறுகி வழுக்கும் நொடியில் அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுத்து, ஸ்டியரிங் நம் கையில் இருக்கும்படி செய்கிறது. மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் அதன் அருமை தெரியும். ஆனால் சக்கரத்துக்கு அழுத்தமே போகாதபோது அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. கொதித்த ஆயிலுக்கு அது மருந்து ஆகாது. பழைய வண்டியில் பிறகு பொருத்திக்கொள்ளும் பொருளும் அல்ல. பின்சக்கரத்துக்கும் டிஸ்க் போடுவதையும் நான் சொல்லமாட்டேன். டிஸ்க் வேகமாக ஆறும், சூட்டில் பிடிமானம் இழப்பதும் குறைவு. ஆனால் நம் சிக்கல் ஆயிலில் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு உண்டு.

எக்ஸாஸ்ட் பிரேக் வேறு இனம். சக்கரத்தில் வெப்பம் உண்டாகும் முன்பே ஆற்றலை எஞ்சினிடம் கொடுத்துவிடும் சாதனம் அது. புகைக்குழாயில் ஒரு தகடு மூடிக்கொள்ளும். எஞ்சின் தன் காற்றை வெளியே தள்ளத் திணறும், அந்தத் திணறல் கியர் வழியாகச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். இதைவிட வலிமையான ஜேக் பிரேக் என்ற ஒன்றுக்குப் பின்னால், உங்கள் சித்தப்பாவுக்கு நடந்தது போன்ற ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. நம் சாலைகளில் ஓடும் கம்மின்ஸ் எஞ்சின்களின் மூலவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931-இல் டீசல் லாரியில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தபோது, கலிஃபோர்னியாவின் கேஜான் கணவாய் இறக்கத்தில் பிரேக் கைவிட்டது. கீழே ரயில் பாதையைச் சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் தப்பினார். அந்த அச்சம் அவரை விட்டு விலகவில்லை. ஓய்வு பெற்ற பின் 1950-களில் அதற்கு விடை கண்டார். எஞ்சின் காற்றை அழுத்துவதற்கு ஆற்றல் செலவாகிறது. ஆனால் அழுந்திய காற்று பிஸ்டனைத் திரும்பக் கீழே தள்ளி அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நொடியில் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்துவிட்டால்? காற்று வெளியேறிவிடும், திருப்பிக் கொடுக்க எதுவும் இருக்காது, எஞ்சின் முழுக்க முழுக்கத் தடையாக மாறும். பட்டறைகளில் டிரில் சக்கில் பார்க்கும் அதே ஜேக்கப்ஸ் பெயர் கொண்ட நிறுவனம் 1961-இல் அதைச் செய்து விற்கத் தொடங்கியது. பெரிய லாரிகளிலும் பல ஆக்சில் கொண்ட பஸ்களிலும் இந்த வகைச் சாதனங்களோ, சக்கர பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் ரிடார்டரோ இருக்கின்றன.

உங்கள் வேனுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் தயாரிப்பாளரே கொடுத்திருந்தால் இயங்குகிறதா என்று பாருங்கள். கொடுக்காத வண்டியில் வெளிப்பட்டறையில் பொருத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புகைக்குழாயில் பின்அழுத்தம் ஏறும்போது எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங்கும் டர்போவும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும்.

அதுவும் தேவைப்படாது. மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் முக்கால் மணி நேரம் ஆகும். 39 மெகாஜூலை அந்த நேரத்தில் வகுத்தால் 15 கிலோவாட்டுக்கு நெருங்கி வருகிறது. காற்றும் டயரும் எடுப்பது போக மீதியின் பெரும்பகுதியை இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின், தாழ்ந்த கியரில் சுற்றினாலே விழுங்கிவிடும். பிரேக்குக்கு வளைவுகளில் மட்டும் வேலை இருக்கும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது அவர்கள் காலத்து வண்டிக்கு மிகச் சரி. இன்று டர்போ எஞ்சின்கள் நான்காவது கியரிலேயே ஏறிவிடுகின்றன. ஏறும் பலம் கூடிய அளவுக்கு எஞ்சினின் இழுத்துப் பிடிக்கும் பலம் கூடவில்லை, அது எஞ்சின் எத்தனை லிட்டர் என்பதையே சார்ந்தது. அதனால் ஏறிய கியரிலிருந்து ஒன்று குறைத்து, இறக்கம் தொடங்கும் முன்பே, குட்டிக்கானம் சந்திப்பிலேயே போட்டுவிட வேண்டும். பெடலின் மேல் காலை மெலிதாக வைத்துக்கொண்டே வரக்கூடாது. மெலிதாக மிதிக்கும்போது நான்கு சக்கரமும் சமமாகப் பிடிப்பதில்லை, முதலில் பிடிக்கும் சக்கரமே எல்லாச் சூட்டையும் வாங்கும். தேவைப்படும்போது அழுத்தமாக மிதித்து, வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிட வேண்டும்.

மண்டல காலத்தில் போலீசார் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டாலும் வண்டிகள் வந்து சேர்வது குட்டிக்கானத்துக்குத்தான், இந்த இறக்கத்துக்குத் தப்ப வழியில்லை. எருமேலி தாண்டினால் கணமலை இறக்கம் இன்னும் செங்குத்து. கேரள மோட்டார் வாகனத் துறையினர் சேஃப் சோன் என்ற பெயரில் அந்த வழிகளில் நின்று, தாழ்ந்த கியரில் போகச் சொல்லி டிரைவர்களிடம் பேசுகிறார்கள். வெளியூர் வண்டியை நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்று கோபப்படாமல் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இனி ஒருமுறை பெடல் தாழ்ந்தால், வேகமாகப் பலமுறை மிதித்து விட வேண்டும். சில சமயம் டப்பாவிலிருந்து புது ஆயில் இறங்கிப் பெடல் மேலே வரும். கூடவே ஒவ்வொரு கியராகக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அழுத்தியபடி விட்டு விட்டு இழுக்க வேண்டும், ஒரே இழுப்பில் பின்சக்கரம் இறுகினால் வண்டி சுற்றிவிடும். நின்றபின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். அருவி பக்கத்தில் இருக்கிறதே என்று தண்ணீர் பிடித்து டிரம்மில் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். சாமிகளை இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி உட்காரவைத்து, தானாக ஆறவிடுங்கள்.

பட்டறையில் சொல்ல வேண்டிய வேலை இதுதான். பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றி டாட் 4 ஊற்ற வேண்டும். சீல் உடைக்காத சிறிய டப்பாவாக உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். அலமாரியில் பாதி தீர்ந்து நிற்கும் டப்பா ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, நான்கிலும் நிறம் தெளியும் வரை ஏர் எடுக்க வேண்டும். முன்சக்கர பேடுகளையும் பின் லைனர்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் தேய்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். பேடுகளை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனின் ரப்பர் சீல் அந்தச் சூட்டில் வெந்திருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரை, சமதரையில் அரை நிமிடம் மிதித்துப் பிடித்தும் பெடல் இறங்கினால் மட்டும் மாற்றுங்கள். பூஸ்டரை நீங்களே சோதிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை மிதியுங்கள், பெடல் இறுகும். மிதித்த கால் அப்படியே இருக்க எஞ்சினைத் தொடங்குங்கள். பெடல் காலுக்கடியில் சற்றே இறங்கினால் பூஸ்டரும் வேக்குவம் பம்பும் நலம்.

கூடுதல் பட்டையைக் கழற்றிவிடுவது நல்லது. கழற்ற மனமில்லை என்றால் அந்த எல்.எஸ்.பி.வி. கம்பியைத் தயாரிப்பாளர் கொடுத்த அளவுப்படி மீண்டும் சரிசெய்யத் தெரிந்தவரிடம் போங்கள். பலர் அதைக் கம்பி கொண்டு கட்டி நிரந்தரமாகத் திறந்து வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள், காலி வண்டி மழையில் பின்பக்கம் வழுக்கிவிடும்.

அன்று சித்தப்பா பம்பையிலிருந்து திரும்பும்போது, கொதித்து அடங்கிய அதே ஆயிலோடு இரவில் குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கியிருக்கிறார். அடுத்த சவாரி எந்தத் தேதியில் இருந்தாலும், ஆயில் மாற்றாமல் அந்த வேன் மலை ஏற வேண்டாம்.